எந்தப் பேட்டையில் கொசு இல்லை?

கேள்வி: ஹவ்காங்கில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் எங்கள் ஐந்து வயது மகனுக்கு டெங்கி வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். அதிகாரிகள் வந்து வீடு முழுக்கப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் கொசு உற்பத்தி ஏதும் இல்லை என்றார்கள். ஆனாலும் கடி நிற்கவில்லை. வாடகை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. கொசு இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறோம். பொங்கோலில் ஒன்று, பதினான்காம் மாடி. பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கிறது. பிடோக் நீர்த்தேக்கத்தைப் பார்த்தாற்போல் ஒன்று, ஐந்தாம் மாடி. பொழுது சாய்ந்தால் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது என்கிறார்கள் அங்கிருப்பவர்கள். மூன்றாவது ஈசூனில் பழைய புளோக், மூன்றாம் மாடி, வாடகையும் குறைவு. ஆனால் அங்கே அரசாங்கமே கொசு விடுகிறதாமே! உயரத்துக்குப் போனால் கொசு வராது, பொங்கோலையே எடுப்போம் என்கிறார் என் கணவர். ஊரிலிருந்து மாமியாரும் வந்து எங்களோடு இருக்கப்போகிறார். எங்கே போகலாம்?
- வாசகி, ஹவ்காங், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

நான் 26 வருடமாகக் கொசுவைத் தேடித் திரிகிறவன். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் டார்ச் விளக்கும் சொட்டுக்குழாயுமாகச் சேர்ந்தேன், இப்போது மேற்பார்வையாளன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் என்னிடம் கேட்பது இதைத்தான்: “அண்ணே, எந்தப் பேட்டையில கொசு இல்ல?” ரசம் ஆறிப்போகும் வரை பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் திருப்தி வந்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓர் ஊர்ப் பெயர். என்னிடம் அது இல்லை.

ஏன் இல்லை என்று சொல்கிறேன். சிக்குன்குனியா சிங்கப்பூரில் முதன்முதலாக உள்ளூரில் பரவியது 2008 ஜனவரியில், நம் தேக்காவின் கிளைவ் ஸ்திரீட்டில். ஸிக்கா 2016 ஆகஸ்டில் அல்ஜுனிட் கிரசெண்ட், சிம்ஸ் டிரைவ் பக்கம் கிளம்பியது. அந்த நாட்களில் அந்தத் தெருக்களின் பெயரைச் சொன்னாலே ஆட்கள் முழங்கையைச் சொறிவார்கள். இன்றைக்கு அங்கே வீடு கிடைத்தால் வேண்டாம் என்பவர் யார்? 2020-ல் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அந்த வருடம் நான் ஏறி இறங்காத பேட்டை இல்லை. ஆகவே பேட்டையின் பெயரைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் புளோக்கைச் சுற்றி ஐந்து நிமிட நடைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

ஐந்து நிமிடம் என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஊர் விட்டு ஊர் பறக்காது. இரத்தமும் முட்டையிடத் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைத்தால் பிறந்த இடத்தைச் சுற்றியே அதன் ஆயுள் முடிந்துவிடும். தேசிய சுற்றுப்புற வாரியம் டெங்கிக் குழுமம் என்று அறிவிப்பதும் இதை வைத்துத்தான்: 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டால் அது ஒரு குழுமம்.

கொசுவின் நடமாட்டம் குறித்து 2004-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று இருக்கிறது. ருபீடியம் என்ற தனிமம் கலந்த இரத்தத்தைப் பெண் கொசுக்களுக்கு ஊட்டி வெளியே விட்டார்கள். பிறகு சுற்றுவட்டாரத்தில் கிடைத்த முட்டைகளில் ருபீடியம் இருக்கிறதா என்று தேடினார்கள். முட்டையிட இடம் தேடி அவை 320 மீட்டர் வரை போயிருந்தன. உங்கள் கணவரிடம் காட்ட வேண்டியது அதே ஆய்வின் அடுத்த பாதி. 21 மாடிப் புளோக் ஒன்றின் நடுமாடியில் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். உச்சி மாடி வரை சுலபமாகப் போயிருக்கின்றன.

மாடி ஏற கொசுவுக்கு இறக்கைகூடத் தேவையில்லை. மின்தூக்கியில் நம்மோடு நின்றுகொண்டே வரும். பதினாறாம் மாடி வீடு ஒன்றிலிருந்து ஒரு முறை அழைத்தார்கள். இவ்வளவு உயரத்துக்குக் கொசு எப்படி வந்தது, காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சாதித்தார். குளியலறை, ஏர்கான் தட்டு, பூஜை மாடச் செம்பு என்று இரண்டு மணி நேரம் குடைந்தோம். எல்லாம் சுத்தம். கிளம்பும்போது சமையலறைச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். துணி காயப்போட மூங்கில் கழி செருகும் குழாய்கள் வரிசையாக இருக்குமே, அதில் ஒன்றுக்கு மூடி இல்லை. உள்ளே மழைத்தண்ணீர். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப் புழுக்கள் என் தலையின் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. சொட்டுக்குழாயை விட்டு உறிஞ்சி வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினேன். 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் ஏடிஸுக்கு, அந்தக் குழாயில் ஒரு டம்ளர் இருந்தது. வீட்டுக்காரர் அதன் பிறகு காற்றைக் குறை சொல்லவில்லை.

உயரத்தால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். மேலே காற்று ஓட்டம் அதிகம், கொசு பலவீனமாகப் பறக்கும் பிராணி, காற்றில் திணறும். மரம், புதர், வடிகால் எல்லாம் கீழே தங்கிவிடுகின்றன. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பூந்தொட்டித் தட்டு நிறையத் தண்ணீர் இருந்தால் பதினான்காம் மாடியும் ஒன்றுதான், இரண்டாம் மாடியும் ஒன்றுதான். வெறும் உயரத்துக்காகக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

வீடுகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இப்போது உங்களைக் கடிப்பது எந்தக் கொசு என்று பார்த்தீர்களா? காலையிலும் சாயங்காலமும், சத்தமே இல்லாமல், கணுக்காலிலும் மேசைக்கு அடியிலும் கடிக்கிறதா? கால்களில் வெள்ளை வரி ஓடுகிறதா? அப்படியானால் ஏடிஸ். அது சுத்தமான தேங்கிய தண்ணீரில் பிறந்தது, பிறந்த இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டுக்குள் அல்லது தாழ்வாரத்தில் இருக்கும். இராத்திரி விளக்கை அணைத்த பிறகு காதோரம் ரீங்காரம் போடுகிறதா? நிறம் மங்கிய பழுப்பா? அது கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீர் தேங்கிய வடிகாலிலிருந்து வருகிறது. தூக்கத்தைக் கெடுக்கும், டெங்கி தராது. இந்த வித்தியாசம் தெரியாமல் வீடு மாறுகிறவர்கள் ஒரு கொசுவிடமிருந்து தப்பி இன்னொன்றிடம் போய்ச் சேருகிறார்கள்.

ஆசியப் புலிக் கொசு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஏடிஸ் குடும்பம்தான், முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு. பூங்கா, காட்டோரம், புதர் என்று வெளியில் வாழ்வது. இலைக் கணுவிலும் மரப் பொந்திலும் யாரோ வீசிய தேநீர்க் குவளையிலும் பிறக்கும். “சன்னலைத் திறந்தால் பச்சைப் பசேல்” என்று விளம்பரம் செய்யும் தாழ்ந்த மாடி வீடுகளில் இதுதான் உங்களை வரவேற்கும். இதுவும் டெங்கியைப் பரப்ப வல்லது.

இனி உங்கள் மூன்று வீடுகள்.

பிடோக்கில் விளக்கைச் சுற்றி மொய்ப்பது அநேகமாகக் கொசுவே இல்லை. கைரோனமிட் என்று ஒரு பூச்சி. பார்த்தால் கொசு மாதிரியேதான் இருக்கும், ஆனால் கடிப்பதற்கு அதற்கு வாயே கிடையாது. பிடோக், பண்டான் நீர்த்தேக்கங்களை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது பழைய தொல்லை. நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றில் வளர்ந்து, கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் நுழைந்து, காலையில் தரையெல்லாம் செத்துக் கிடக்கும். பெருக்கி அள்ள வேண்டும், சாப்பாட்டுத் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். மீனும் அலையும் உள்ள பெரிய நீர்ப்பரப்பில் ஏடிஸ் முட்டையிடுவதில்லை. ஆக டெங்கிக்குப் பயந்து அந்த வீட்டைத் தள்ள வேண்டியதில்லை. எரிச்சலுக்குப் பயந்து தள்ளலாம்.

பொங்கோல் வீட்டில் எனக்கு உறுத்துவது மாடியல்ல, பக்கத்து மனை. நன்றாக நடத்தப்படும் கட்டுமானத் தளத்தில் கொசுவைப் பார்க்கவே தனியாக ஆள் வைத்திருப்பார்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கெல்லாம் எண்ணெயும் மருந்தும் விழும். ஆனால் நாலைந்து மழை தொடர்ந்து பெய்தால் கான்கிரீட் பள்ளம், கம்பிக் கட்டு, மடித்துப்போட்ட கித்தான், காலி டின் என்று ஆயிரம் இடத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு தளத்தில் மின்தூக்கிக் குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் புழு கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே அலுவலகச் சுவரில் “கொசு உற்பத்தி: பூஜ்யம்” என்று அட்டை தொங்கியது. எல்லாத் தளமும் அப்படி என்று சொல்லவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருடம் உங்கள் தூக்கம் அந்தத் தளத்து மேலாளரின் நாணயத்தைப் பொறுத்தது, அதைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு முறை டெங்கி வந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

அதற்குக் காரணம் உண்டு. டெங்கிக் கிருமியில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீடித்த எதிர்ப்பு, மற்ற மூன்றும் பாக்கி. வேறு வகை இரண்டாவதாக வரும்போது காய்ச்சல் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மேற்கொண்டு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், என் எல்லை இங்கே முடிகிறது.

ஈசூனுக்கு வருவோம். அரசாங்கம் கொசு விடுவது உண்மை. அங் மோ கியோவில் அதற்காகவே கொசு வளர்க்கும் கூடம் இருக்கிறது. நான் கொல்கிறேன், அவர்கள் வளர்க்கிறார்கள், இருவருக்கும் ஒரே காரியம். அவர்கள் விடுவது ஆண் கொசுக்களை மட்டும். ஆண் கொசு கடிக்காது, செடியின் சாற்றைக் குடித்து வாழ்வது. கையில் வந்து உட்கார்ந்தால் உற்றுப் பாருங்கள், முகத்தில் இறகு வைத்தாற்போல் புசுபுசுவென்று மீசை இருக்கும். அந்த ஆண் கொசுக்களின் உடம்பில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. வெளியே உள்ள பெண் ஏடிஸுடன் அவை சேர்ந்தால் இடுகிற முட்டை பொரிக்காது. வாரா வாரம் விட விட, அடுத்த தலைமுறை சுருங்கிக்கொண்டே போகும்.

2016-ல் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய முதல் இடங்களில் ஈசூனில் உள்ள நீ சூன் ஈஸ்ட்டும் ஒன்று. தெம்பனிஸ் வெஸ்ட், பிராடல் ஹைட்ஸ் மற்றவை. வொல்பாக்கியா விடப்படும் வட்டாரங்களில் ஏடிஸ் எண்ணிக்கை 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது, டெங்கி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 75 விழுக்காடு குறைந்திருக்கிறது என்பது வாரியம் வெளியிட்ட கணக்கு. ஆக, நீங்கள் பயந்து ஒதுக்கப் பார்க்கும் காரணமேதான் அந்த வீட்டை நான் முதலில் வைக்கும் காரணம்.

அதற்காக அங்கே கொசுவே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். வொல்பாக்கியா அடக்குவது அந்த ஓர் ஏடிஸ் இனத்தைத்தான். கியூலெக்ஸுக்கும் புலிக் கொசுவுக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை. மூன்றாம் மாடி என்கிறீர்கள். சன்னலுக்கு நேரே மரக்கிளை இருக்கிறதா, கீழே வடிகால் எப்படி என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பார்ப்பது எப்படி என்றால், முதலில் நேரம். வீட்டு முகவர்கள் சனி, ஞாயிறு நடுப்பகலில் அழைத்துப்போவார்கள். அந்த நேரம் கொசு மேசைக்கு அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும் பதுங்கியிருக்கும். நீங்கள் முகவர் இல்லாமல் ஒரு முறை காலை எட்டு மணிக்கும் ஒரு முறை சாயங்காலம் ஆறு மணிக்கும் போங்கள். முடிந்தால் மழை விட்ட இரண்டாம் மூன்றாம் நாள். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, மருந்து தடவிக்கொண்டு போங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லவா? பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். பேச்சுக்கு நடுவே காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்களா? எந்த வரைபடமும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

பிறகு புளோக்கை ஒரு சுற்று வாருங்கள். ஒட்டி ஓடும் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? நின்றால் இலைச் சருகு மிதக்கும், ஒரு பக்கம் சரிவு கெட்டிருக்கும். சமூகத் தோட்டம் இருந்தால் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி இருக்கிறதா? யாரும் எடுக்காத சைக்கிள்மேல் போர்த்திய கித்தான், அதன் குழியில் தண்ணீர், இதெல்லாம் கண்ணில் படும். புளோக்கைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். தமிழ் பேசுகிறவராக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எந்த மாடியில் தொட்டிக்காடு, எந்த வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. பூட்டிய வீட்டை லேசாக நினைக்காதீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத கழிப்பறைத் தொட்டியில் தலைமுறை தலைமுறையாகக் கொசு பிறந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மேலே ஏறித் தாழ்வாரத்தில் மெதுவாக நடங்கள். ஒவ்வொரு வாசலையும் பாருங்கள், கை வைக்காதீர்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா, தட்டில் தண்ணீர் மின்னுகிறதா? செடி நட்ட மண் இறுகிக் கட்டிதட்டி, மேலே தண்ணீர் குளம் கட்டி நிற்கிறதா? குடை வைக்கும் வாளி? மீன் செத்துப்போன பிறகும் காலி செய்யாத கண்ணாடித் தொட்டி? நம்மவர் வீட்டு வாசல் என்றால் பூ மிதக்கும் உருளி. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்ட ஆட்டுக்கல்லையும் பார்த்திருக்கிறேன். குழி நிறையச் சாரல் தண்ணீர். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அது அம்மி மாதிரி லட்சுமி, கவுத்து வைக்கக்கூடாது” என்றார். ஒரு துணியைப் போட்டு மூடலாம் என்று சமாதானம் செய்தேன்.

நடக்கும்போது சுவரோரம் கறுப்பு நிறத்தில் சிறு வாளி போல ஒன்று தென்பட்டால் பதறாதீர்கள். அது வாரியம் வைத்த கொசுப்பொறி. முட்டையிட வரும் பெண் கொசு உள்சுவரின் பசையில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். அந்த மாதிரிப் பொறிகளில் விழும் கொசுவை எண்ணித்தான் எங்கே ஏடிஸ் மிகுதி என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு உங்களுக்கும் கிடைக்கும். டெங்கிக் குழும வரைபடத்தோடு, ஏடிஸ் அதிகமுள்ள இடங்களையும் வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் பார்க்கலாம்.

பேட்டைகளில் தொங்கும் டெங்கி எச்சரிக்கைப் பதாகையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் அந்தக் குழுமத்தில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல். மஞ்சள் என்றால் பத்துக்குக் கீழ். பச்சை என்றால் புதிதாக யாருக்கும் இல்லை, 21 நாள் கண்காணிப்பில் இருக்கிறது. இவை மூன்றும் காய்ச்சலைச் சொல்கின்றன, கொசுவைச் சொல்லவில்லை. பதாகையே இல்லாத இடத்திலும் கொசு மண்டிக் கிடக்கலாம், கிருமி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே. வீடு தேடுகிறவர் கவனிக்க வேண்டியது ஊதாப் பதாகையை. அங்கே ஏடிஸ் தொடர்ந்து அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு இரண்டு மாதத்தில் இறங்கிவிடலாம், ஊதாவைக் கண்டால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

கொண்டோவும் பார்ப்போம் என்று உங்கள் கணவர் கிளம்பினால் ஒரு வார்த்தை. “எங்கள் வளாகத்தில் வாரந்தோறும் புகை அடிக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது எச்சரிக்கை மணி. புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், புழுவைத் தொடாது. ஏடிஸ் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். வாரா வாரம் புகை தேவைப்படுகிறது என்றால் எங்கே பிறக்கிறது என்று யாரும் தேடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் பார்க்க அதிகம் இல்லை. கழி செருகும் குழாய் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மூடி உண்டா? குளியலறைத் தரைத் துவாரத்தில் கொசுத் தடுப்பு மூடி போட்டிருக்கிறார்களா? இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் சாவி வாங்குவதற்கு முன்பே போட்டுத்தரச் சொல்லுங்கள். சில்லறைச் செலவுதான், மறுக்கமாட்டார். நீங்கள் குடிவந்த பிறகு அந்த வீட்டில் புழு கண்டால் அபராதக் கடிதம் உங்கள் பெயருக்கு வரலாம், முதல் முறைக்கே 200 வெள்ளி. சன்னலுக்குக் காந்தத்தில் ஒட்டும் வலை போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மகன் படுக்கும் அறைக்கு மட்டும் போட்டாலும் போதும், கூடவே மின்விசிறி. விசிறிக் காற்றில் கொசுவுக்கு உட்கார வராது.

ஆகஸ்ட் வரை இப்போதைய வீட்டில் சும்மா இருந்துவிடாதீர்கள். மே முதல் அக்டோபர் வரை டெங்கி உச்சத்தில் இருக்கும் காலம். உங்கள் வீடு சுத்தம் என்று அதிகாரிகளே சொன்ன பிறகும் கடி தொடர்கிறது என்றால், பிறப்பிடம் இரண்டு மூன்று வாசல் தள்ளியோ மேல்மாடியிலோ இருக்கிறது. தாழ்வாரத்தில் நான் மேலே சொன்ன நடையை இன்றைக்கே நடந்து பாருங்கள். பொது இடத்தில் கண்டால் நகர மன்றத்துக்கும், வீடுகளில் சந்தேகம் இருந்தால் வாரியத்துக்கும் புளோக் எண், மாடி, நேரம் எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். “எங்கள் பகுதியில் கொசு அதிகம்” என்று எழுதினால் எங்கே தேடுவது?

கடைசியாக மாமியார் விஷயம். ஊரில் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்தே பழகிய கை. இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, ஆனாலும் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீரும் மேலே மிதக்கும் குவளையும் இல்லாவிட்டால் அவர்களுக்கு நிம்மதி இருக்காது. என் அம்மாவுக்கும் அப்படித்தான். சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. இரவு படுக்கும்முன் வாளியைக் கவிழ்க்கும் வேலையைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள், பாட்டி மறுபேச்சுப் பேசமாட்டார்.

வாளியைப் பற்றி இன்னொன்று. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளியின் உட்சுவரில் மிளகுத்தூள் தூவினாற்போல் ஒட்டிவைக்கும். வாளி காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும். லாரியில் சாமான் ஏற்றும் நாளில் ஹவ்காங் கொசுவை ஈசூனுக்குக் கூட்டிப்போவது இப்படித்தான். வெறுமனே கழுவினால் போகாது. வாளி, துடைப்பான் தொட்டி, பூச்சாடி எல்லாவற்றின் உட்புறத்தையும் விளிம்பையும் நார் போட்டு அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். மாமியாருக்காகத் துளசிச் செடி வாங்கி வைத்திருப்பீர்கள், அதுவும் வரட்டும். அடித்தட்டை மட்டும் ஹவ்காங் குப்பையிலேயே போட்டுவிடுங்கள்.